படகுக்கு ஆயிரம் ரூபாய் வசூல்: இது லஞ்சமா, லாபியிங்கா?

நண்டுவலை எழுதியது:

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு ஊர். பெயரும் தொகுதியும் போடவில்லை, யாரும் துருவ வேண்டாம். அப்பா நாட்டுப்படகில் நண்டுவலை விடுகிறார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, காலையில் அவரோடு வலை எடுத்துக் கொடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஒரு மொபைல் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஓடை கடலில் விழுகிற இடத்துக்குச் சற்று மேலே இரண்டு இறால் பண்ணைகள் இருக்கின்றன, மூன்றாவதுக்கு இப்போது பொக்லைன் ஓடுகிறது. அறுவடை முடிந்து குளத்தைத் திறந்துவிடுகிற நாளில் ஓடைத் தண்ணீர் கறுத்து, மேலே நுரை கட்டி வரும். என் அப்பத்தா அந்த முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து கையாலேயே தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறிக்கூடையில் போட்டுக்கொண்டு வருவாராம். இப்போது அங்கே கால் வைத்தால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டும். மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம்.

போன ஞாயிறு சாயங்காலம் ஏலக்கூடத்தில் ஊர்க்கூட்டம். பக்கத்து டவுனிலிருந்து ஒருவர் வந்தார். எம்எல்ஏவுக்கு நெருக்கம் என்று சொல்லிக்கொள்கிறவர், சட்டைப் பையில் இரண்டு போன். பண்ணைக்காரர்கள் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டார்களாம். நாங்களும் "பார்க்கிற விதத்தில் பார்த்தால்" அண்ணன் சட்டசபையில் மீன்வளத்துறை மானியக் கோரிக்கை, அதாவது துறைக்கு நிதி ஒதுக்குகிற விவாதம், வரும்போது எழுந்து எங்கள் ஓடையைப் பற்றிப் பேசுவார், அமைச்சரிடமிருந்து பதிலும் வாங்கித் தருவார், அதற்கு ரெண்டு ரூபாய் ஆகும் என்றார். ரெண்டு ரூபாய் என்றால் ரெண்டு லட்சம். மொத்தம் 190 படகு, படகுக்கு ஆயிரம், மீதி பத்தாயிரம் ஊர்ப் பொதுக் கணக்கிலிருந்து என்று அங்கேயே முடிவானது. அப்பா மறுநாளே கமிட்டியிடம் கொடுத்துவிட்டார், வசூலான பணம் இன்னும் அந்த ஆள் கைக்குப் போகவில்லை.

நான் இது லஞ்சம் என்றேன். கமிட்டிக் கணக்கை எழுதுவது என் சித்தப்பாதான். அவர் சொல்கிறார்: "டேய், அமெரிக்காவில் இதற்கு லாபியிங் என்று பெயர். போர்டு மாட்டி, ஆபீஸ் போட்டுச் செய்கிறான். சட்டமே இருக்கிறது." யூடியூப்பில் பார்த்தாராம்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். சித்தப்பா சொல்வது சரியா? மாட்டினால் உள்ளே போவது யார், வாங்கியவரா, கொடுத்த நாங்களா? பண்ணைக்காரர்கள் கொடுத்திருக்கும்போது நாங்கள் மட்டும் கொடுக்காமல் இருந்தால் ஓடை போய்விடாதா? கடைசிக் கேள்விக்குத்தான் ஊரில் யாரிடமும் பதில் இல்லை.

உப்புக்காற்று எழுதியது:

தம்பி, கொடுத்துவிட்டுப் போங்கள், ஆனால் எதையும் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் ஊரில் பல வருஷத்துக்கு முன்னால் படகு கட்டுகிற ஜெட்டிக்காக இப்படித்தான் வசூல் போட்டோம். எங்களிடம் வாங்கியவரும் இப்படி நடுவில் நின்ற ஆள்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பேச்சு நடந்தது. நாலு வரி. அந்த அவைக் குறிப்புப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் பண்ணி, வலைப்பின்னல் கூடத்தில் மாட்டி வைத்தோம். இன்னும் தொங்குகிறது. ஜெட்டிதான் வரவில்லை.

அமைச்சரின் பதில் என்ன தெரியுமா? "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." அந்த இரண்டு வார்த்தைக்கு நாங்கள் கட்டியது படகுக்கு ஐநூறு.

பழைய குமாஸ்தா எழுதியது:

ஓய்வு பெற்ற அரசு ஊழியன் நான். எந்தத் துறை என்பது வேண்டாம். தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

சர்வீஸில் இருக்கும்போது ஒரு நாள் லஞ்ச ஒழிப்புப் பிரிவிலிருந்து ஆள் கேட்டார்கள். பொறி வைத்துப் பிடிக்கிற வழக்குகளுக்கு வேறு துறை அரசு ஊழியர்களைச் சாட்சியாகக் கூட்டிப்போவது வழக்கம், அப்படி என்னையும் இன்னொருவரையும் அனுப்பினார்கள். புகார் கொடுத்தவர் கொண்டுவந்த நோட்டுகளின் நம்பரை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு வெள்ளைப் பொடியைத் தடவினார்கள், பினாப்தலீன், பார்த்தால் முகப்பவுடர் மாதிரி. அதைத் தொட்ட ஒருவரின் விரலைச் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் நனைக்கச் சொன்னார்கள். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது ரோஸ் கலரில் திரும்பியது. எங்களுக்குக் காட்டுவதற்காக. புகார்தாரர் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார், வழியில் யாரோடும் கை குலுக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சைகை வந்ததும் உள்ளே போனால், அந்த அலுவலர் கையை டம்ளரில் விடச் சொல்கிறார்கள், விரல் நடுங்கி டம்ளர் விளிம்பில் டிக் டிக் என்று அடிக்கிறது, தண்ணீர் சிவக்கிறது. அதை பாட்டிலில் ஊற்றி, அரக்கு வைத்து, லேபிளில் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். தொகை இரண்டாயிரம் ரூபாய். அந்த ஆள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

என் முப்பது வருஷ சர்வீஸில், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அந்த டம்ளரில் விரல் நனைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஏன் என்றால், வாங்கவில்லை என்பதால் அல்ல. அவையில் பேசுவதற்கும் ஓட்டுப் போடுவதற்கும் உறுப்பினர் மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது, எம்பிக்கு 105(2), எம்எல்ஏவுக்கு 194(2). பயமில்லாமல் பேசட்டும் என்று வைத்த பாதுகாப்பு. 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. எதிர்த்து 265, ஆதரித்து 251, அரசு பிழைத்தது. அதில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்பிக்கள் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள் என்று வழக்கு. 1998இல் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. காசு வாங்கி, வாங்கினபடி அவையில் ஓட்டும் போட்டவருக்குப் பாதுகாப்பு உண்டு. வாங்கிவிட்டு ஓட்டுப் போடாமல் இருந்தவருக்குக் கிடையாது! வாங்கின காசுக்கு ஒழுங்காக வேலை பார்த்தவன் தப்பித்தான், ஏமாற்றியவன் மாட்டினான். இருபத்தைந்து வருஷம் இந்தத் தேசத்தில் இதுதான் சட்டம்.

அது முடிந்தது 2024 மார்ச் 4ஆம் தேதி. சீதா சோரன் வழக்கு, ஏழு நீதிபதிகள், ஒருமனதாக. 1993 விவகாரத்தில் சம்பந்தப்பட்ட சிபு சோரனின் மருமகள்தான் இந்த சீதா சோரன். இவர் மேல் இருந்த புகார் 2012 மாநிலங்களவைத் தேர்தலில் காசு வாங்கினார் என்பது. மாமனார் தப்பித்த அதே தீர்ப்பைக் காட்டி மருமகளும் விலக்குக் கேட்கப் போய், அந்தத் தீர்ப்பே செல்லாது என்று ஆகிவிட்டது. இப்போதைய நிலை: காசை வாங்கின நிமிஷமே குற்றம் முடிந்தது. அப்புறம் பேசினாரா, பேசவில்லையா, மாற்றிப் பேசினாரா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

கேள்வி கேட்கக் காசு என்பதும் புதுசில்லை. 1951லேயே, முதல் பொதுத் தேர்தல்கூட வராத காலத்தில், முட்கல் என்ற உறுப்பினர் பம்பாய் தங்க வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் வேலை பார்த்தார் என்று நேரு அரசு குழு போட்டு விசாரித்தது. வெளியேற்றுகிற நேரத்தில் அவரே ராஜினாமா செய்தார். 2005 டிசம்பரில் ரகசியக் கேமராவில் 11 எம்பிக்கள் மாட்டி, அந்த மாதமே பதவி போனது. உங்கள் ஊருக்கு வந்தவர் பேசியதும் இதே வியாபாரம்தான், அளவு மட்டும் சின்னது.

இப்போது உள்ளே போவது யார் என்ற கேள்வி. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு கொடுப்பதும் தனிக் குற்றம், ஏழு வருஷம் வரை போகலாம். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். நடுவில் நிற்கிற இரண்டு போன் ஆசாமிக்கும் 7ஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது, செல்வாக்கைக் காட்டி வேலை முடித்துத் தருகிறேன் என்று வாங்குகிறவருக்கு மூன்று முதல் ஏழு வருஷம். உங்கள் சித்தப்பா நோட்டில் படகு வாரியாக, தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாரா? இருந்தால் இதைவிட அழகான சாட்சியம் எந்தப் போலீசுக்கும் கிடைக்காது.

இன்னொன்றும் யோசியுங்கள். அந்த ரெண்டு லட்சம் எம்எல்ஏ கைக்குப் போகும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் புரோக்கர்தானே. எம்எல்ஏவுக்கு இந்த விஷயமே தெரியாமல்கூட இருக்கலாம்.

உப்புக்காற்று எழுதியது:

ஐயா, ஏழு நாளில் போலீசில் சொல் என்று சட்டம் சொல்கிறது, சரி. சொன்ன பிறகு எட்டாவது நாள் அந்த ஊரில் குடியிருக்கப் போவது நீங்களா? டீசல் மானியக் கார்டு, தடைக்கால நிவாரணம், புயல் வந்தால் படகுக்கு நஷ்ட ஈடு, எல்லாம் அந்த ஆட்கள் கை பட்டுத்தான் வருகிறது.

பழைய குமாஸ்தா எழுதியது:

நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் கொடுக்கவில்லையே, அதுவரைக்கும் நல்லது.

மண்டபம் டு ஒஹாயோ எழுதியது:

சித்தப்பாவின் அமெரிக்கப் பாயிண்டுக்கு நான் வருகிறேன். மண்டபத்தில் பிறந்து, இப்போது ஒஹாயோ மாநிலத்தில் குளிரில் உட்கார்ந்திருக்கிறவன். எங்கள் மாநிலமே இதற்குப் பாடப்புத்தகம்.

லாபியிங் இங்கே சட்டப்படி சரிதான், சித்தப்பா சொன்னது அந்த அளவுக்கு உண்மை. ஆனால் யூடியூப் பாதியில் நிறுத்திவிட்டது. 1995இல் வந்த சட்டப்படி அந்த ஆள் தன் பெயரைப் பதிவு பண்ண வேண்டும், யாருக்காகப் பேசுகிறார், எந்த மசோதா, எவ்வளவு வாங்கினார் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வீட்டில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2012இல் நம் நாடாளுமன்றமே ரெண்டுபட்டது ஞாபகம் இருக்கிறதா, வால்மார்ட் விஷயம்? இந்தியாவில் கடை திறக்க அனுமதி கிடைப்பது உள்பட பல விஷயங்களுக்காக 2008 முதல் சுமார் 25 மில்லியன் டாலர் லாபியிங்குக்குச் செலவழித்ததாக அமெரிக்க செனட்டில் அந்தக் கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. நமக்கு அது தெரிந்ததே அந்தப் படிவத்தால்தான். இந்தியாவில் அப்படி ஒரு சட்டமும் இல்லை, படிவமும் இல்லை. அதனால் அங்கே லாபியிங் இல்லை என்று அர்த்தமா? டெல்லியில் அதற்கு "அரசுத் தொடர்பு", "ஆலோசனை" என்று வேறு பெயர்.

ஆக, லாபியிங் என்பது பேசுவதற்கு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது. அந்தப் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கிறவர் கையில் காசு வைப்பது இல்லை. ஏலக்கூடத்தில் நடந்தது இரண்டாவது.

இங்கே மட்டும் எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஒஹாயோவில் ஒரு மின்சாரக் கம்பெனிக்கு நஷ்டத்தில் ஓடிய இரண்டு அணு உலைகள். 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், ஒவ்வொரு வீட்டு கரண்ட் பில்லிலும் கொஞ்சம் கூட்டி, 1.3 பில்லியன் டாலர் வசூலித்து உலைகளைக் காப்பாற்றுவது என்று. பேரவைத் தலைவர் லாரி ஹவுஸ்ஹோல்டர் முன்னால் நின்று நிறைவேற்றினார். அப்புறம் பார்த்தால் பொதுநல அமைப்பு என்று பெயர் வைத்த ஒரு கணக்கில் சுமார் 60 மில்லியன் டாலர் அந்தக் கம்பெனியிடமிருந்து வந்திருக்கிறது. அதில் அவர் ஆட்களின் தேர்தல் செலவு, அவருடைய கடன், புளோரிடா வீட்டுப் பராமரிப்பு எல்லாம் நடந்திருக்கிறது. 2023 ஜூனில் இருபது வருஷம் கொடுத்தார்கள். அவரோடு சேர்ந்து பதிவு பெற்ற, போர்டு மாட்டின லாபியிஸ்ட் ஒருவருக்கும் ஐந்து வருஷம். சித்தப்பாவிடம் அந்த ஐந்து வருஷத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. பக்கத்து மாநிலம் இண்டியானா, ஒரு சின்ன ஊர் மேயர். குப்பை லாரி வாங்குகிற கான்ட்ராக்ட் ஒரு கம்பெனிக்குப் போனது, எல்லாம் முடிந்த பிறகு கம்பெனி மேயருக்கு 13,000 டாலர் கொடுத்தது. ஆலோசனைக் கட்டணம் என்றார் மேயர். 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று சொன்னது, வேலை முடிந்த பிறகு கொடுப்பது அன்பளிப்பு, மாநில, உள்ளூர் அதிகாரிகள் மேல் போடுகிற அந்த மத்தியச் சட்டத்தின்படி அது லஞ்சம் ஆகாது. படித்தபோது எனக்கு நம் ஊர் பத்திரப்பதிவு வாசல் ஞாபகம் வந்தது. "சந்தோஷமாக ஏதாவது பார்த்துப் போடுங்கள்" என்பார்களே, அதற்கு இங்கே உச்ச நீதிமன்ற அங்கீகாரம். நம் ஊர்ச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் பரவாயில்லை, வேலை முடிந்த பிறகு வாங்கினாலும் குற்றம் என்றே எழுதியிருக்கிறது.

கீழக்கரைக் காக்கா எழுதியது:

எல்லாரும் லஞ்சத்தையே பேசுகிறீர்கள். தம்பியின் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பண்ணைக்காரர்கள் உங்கள் எம்எல்ஏவைப் பார்த்தார்கள் என்று புரோக்கர் சொன்னாரே, எதற்குப் பார்க்க வேண்டும்? இறால் பண்ணை அனுமதி சட்டசபையில் தீர்மானமாகிற விஷயமே இல்லை. அது மத்தியச் சட்டம். பதிவு கொடுப்பது சென்னையில் இருக்கும் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையம், இங்கே மாவட்ட அளவிலான குழுவுக்குத் தலைவர் கலெக்டர். மானியக் கோரிக்கையில் நாலு வரி பேசவைக்க ரெண்டு லட்சம் கொடுப்பது, மளிகைக் கடைக்குப் போய் மருந்து கேட்கிற கதை.

இந்தச் சட்டம் வந்த கதையைக் கேளுங்கள். தஞ்சை, நாகைப் பக்கம் இறால் பண்ணைகளுக்கு எதிராக உண்ணாவிரதம், மறியல் என்று போராடிய சர்வோதயப் பெரியவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது, இருப்பதை 1997 மார்ச் 31க்குள் இடிக்க வேண்டும், பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. ஏழை ஜனங்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று இந்தக் கரை முழுக்கப் பேச்சு. அப்புறம் மறு ஆய்வு மனு, தடை என்று இழுத்தது. 2005இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதில் 27ஆம் பிரிவு என்று ஒன்று, அந்தக் கடலோர மண்டலத்தை உருவாக்கிய 1991 அறிவிக்கையின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்கிறது. அதுவும் 2005லிருந்து இல்லை. அந்த வரி 1991 பிப்ரவரி 19லிருந்தே அறிவிக்கையில் இருந்ததாகக் கருத வேண்டுமாம்! அதாவது ஜெகந்நாதன் வழக்குப் போடுவதற்கும் முன்னாலிருந்தே. ஜெயித்த வழக்கின் காலுக்குக் கீழே இருந்த மண்ணை உருவிவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் அதே சட்டத்தை மறுபடி திருத்தியபோது, பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை என்று இருந்ததை எடுத்துவிட்டு அபராதம், பண்ணையை நிறுத்துவது மாதிரியான நடவடிக்கைகளை வைத்தார்கள்.

இதில் யாராவது யாருக்காவது காசு கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. நான் சொல்வது அதைவிடக் கஷ்டமான விஷயம். கொடுக்கத் தேவையே இல்லை. ஏற்றுமதி அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு, நீலப் புரட்சி என்று கணக்குப் போட்டு, சங்கம் வைத்து, கோட் போட்ட ஆட்களை அனுப்பி, அமைச்சக ஆலோசனைக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசலாம். முழுக்கச் சட்டப்படி. உங்கள் அப்பத்தா பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் பிடித்த ஓடைக்காக அந்தக் கூட்டத்தில் எத்தனை நாற்காலி இருந்தது?

காசு விஷயத்திலும் அப்படித்தான். 2017 வரை ஒரு கம்பெனி தன் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வரம்பை எடுத்தார்கள், 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது, யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பது ஜனங்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15இல் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து ரத்து செய்தார்கள், பழைய வரம்பும் திரும்பி வந்தது. ஆனால் அந்த ஆறு வருஷம்? கோடிக்கணக்கில் பேங்க் வழியாகப் போனது நன்கொடை, நண்டு விற்ற ஆயிரம் ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் ஏறினால் குற்றம். பெரியவர் சொன்ன டம்ளர் தண்ணீர் பத்திரத்துக்கு நிறம் மாறாது.

சரி, என்ன செய்வது? முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஆணையத்துக்கு எழுதுங்கள். அந்தச் சர்வே நம்பர்களில் பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா, எத்தனை ஹெக்டேருக்கு, கழிவுநீரைச் சுத்திகரிக்க என்ன ஏற்பாடு காட்டியிருக்கிறார்கள், மூன்றாவது பண்ணைக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா. பத்து ரூபாய், முப்பது நாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கலெக்டரின் மீனவர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். சும்மா "நாறுகிறது" என்று போனால் "ஆய்வு செய்யப்படும்" என்பார்கள். சர்வே நம்பரோடு போனால் பதில் எழுதியாக வேண்டும். எம்எல்ஏவையும் போய்ப் பாருங்கள், புரோக்கர் இல்லாமல், ஐம்பது பேராக, கையெழுத்துப் போட்ட மனுவோடு. அவர் பேசினால் நல்லது. பேசுவது அவர் வேலை, ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறார்.

பாசிக்காரி எழுதியது:

காக்கா சொன்னது எல்லாம் சரி. எனக்கு ஒரு கேள்விதான். படகுக்கு ஆயிரம் என்று முடிவு பண்ணினீர்களே, படகு இல்லாத வீடு?

அந்த ஓடையில் கை தடவி இறால் பிடித்தது பெண்கள். சொறி வந்ததும் பெண்களுக்கு. தம்பி எழுதியதை மூன்று முறை படித்தேன், ஏலக்கூடத்தில் ஒரு பெண் இருந்ததாகக்கூட இல்லை. பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற நாங்களும் இப்படித்தான் இருந்தோம். 1986இல் மன்னார் வளைகுடா 21 தீவையும் தேசியப் பூங்காவாக்கினார்கள், அதற்குப் பிறகு தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கும், ஆண்கள் போய் அபராதம் கட்டிக் கூட்டி வருவார்கள். நாங்களே சங்கமாகச் சேர்ந்து, எப்போது எடுப்பது, எப்போது எடுக்காமல் இருப்பது என்று எங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, நேராகப் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் காது கொடுத்தார்கள். சின்னப்பாலத்துப் பாசி எடுக்கிற அக்கா ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவில் கூப்பிட்டு விருது கொடுத்தார்கள், அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

மனுவில் கையெழுத்து வாங்கும்போது வீட்டுக்கு வீடு போங்கள். கைநாட்டானாலும் பரவாயில்லை. கிராம சபையில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள், அதற்கு ஆம்பளை பொம்பளை கணக்கு கிடையாது.

நண்டுவலை எழுதியது:

பதினொரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கடலும் கடையுமாகப் போய்விட்டது.

பெரியவரும் ஒஹாயோ அண்ணனும் எழுதியதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். லாபியிஸ்டுக்கு ஐந்து வருஷம் என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு நோட்டு சாட்சியம் ஆகும் என்றதும் எழுந்து போய் நோட்டை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஆமாம், தேதி, படகு நம்பர் எல்லாம் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். பாசிக்காரி அக்கா கேட்டதை அப்படியே கேட்டேன், கொஞ்சம் சத்தம் வந்தது, அப்புறம் பின்னால் வலை மூட்டைமேல் உட்கார்ந்திருந்த என் அத்தை எழுந்து, "சொறிஞ்சு சொறிஞ்சு காலு போச்சு, எங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாடா" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் தலைவரே ஒன்றும் பேசவில்லை. பணம் கொடுப்பதில்லை என்று நேராக முடிவாகவில்லை, "இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்" என்றார்கள். எங்கள் ஊரில் அதுவே பெரிய விஷயம். முப்பது பேர் பணத்தைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள், புரோக்கருக்குத் தெரிந்தால் நாளைக்கு நிவாரணத்தில் கை வைப்பார் என்று பயம். உப்புக்காற்று அண்ணன் சொன்னது அப்படியே நடக்கிறது. அந்த ஆள் இரண்டு முறை போன் பண்ணினார், தலைவர் கடலில் இருப்பதாகச் சொல்லச் சொன்னார். தலைவர் கடலுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது.

அப்பாவின் இரண்டு ஐநூறு ரூபாய் நோட்டும் வீட்டுக்கு வந்துவிட்டன, நண்டு வாடை போகாமல்.

பண்ணை இருக்கிற இடத்தின் சர்வே நம்பரை விஏஓ ஆபீசில் கேட்டு எழுதிக்கொண்டேன். பொக்லைன் நேற்றும் ஓடியது. தகவல் உரிமை மனுவும் எழுதிவிட்டேன், ஒரு சந்தேகம்தான். சென்னை ஆணையம் மத்திய அரசுடையது என்றால் பத்து ரூபாய்க்கு நம்ம ஊர் கோர்ட் பீஸ் வில்லை ஒட்டினால் போதுமா, வேறு ஏதாவதா?

கீழக்கரைக் காக்கா எழுதியது:

வில்லை ஒட்டாதே தம்பி, திருப்பி அனுப்பிவிடுவார்கள். போஸ்ட் ஆபீசில் பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் வாங்கி, அந்த ஆணையத்தின் அக்கவுன்ட்ஸ் ஆபீசர் என்று எழுது. அதன் நம்பரை மனுவிலும் குறித்துவிடு. ஸ்பீட் போஸ்டில் போடு, ரசீதைப் பத்திரமாக வை. அந்தப் பீரோவில் வைக்காதே, வேறு இடத்தில் வை.